20 லிட்டர் கேன் இருந்தா ரேடியேட்டர் வேண்டாமா?

கேள்வி: ராத்திரில வீடியோ எடிட்டிங் பண்றேன், கம்ப்யூட்டர் ஃபேன் சத்தத்துல குழந்தை முழிச்சுக்குது. 20 லிட்டர் கேன்ல தண்ணி ஊத்தி வாட்டர் கூலிங் போட்டா ரேடியேட்டரே வேண்டாமாமே, அதுவும் ஊட்டி குளிருக்கு?
- ஒரு வாசகர், ஊட்டி

பதில்: வேணும்ங்க, தண்ணியோட சூட்டைக் காத்துல விடுறதே ரேடியேட்டர்தான். பெரிய கேன் சூட்டைத் தள்ளிப்போடும், அவ்ளோதான். ஒரு லிட்டர் தண்ணி ஒரு டிகிரி ஏற சுமார் 4,200 ஜூல் ஆகும், உங்க சிஸ்டம் 300 வாட் கக்குதுன்னு வைங்க, 20 லிட்டரும் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு டிகிரி ஏறும், ரெண்டு மணி நேரம் ரெண்டர் (எடிட் பண்ணதை முழு வீடியோவா மாத்துறது) ஓடுனா அதுல குழந்தையைக் குளிப்பாட்டலாம். அதனால ரேடியேட்டரை பெருசா வாங்கி ஃபேனை மெதுவா சுத்த விடுங்க, சத்தம் அடங்கிடும். சிப் மேல உக்கார்ற வாட்டர் பிளாக் காப்பர்ல இருந்தா ரேடியேட்டர் அலுமினியமா இருக்கக் கூடாது, அரிச்சுரும். பம்ப்பை ஸ்பாஞ்சு மேல வைங்க, நான் நேரா மேஜைல வெச்சு மேஜையே வண்டு மாதிரி ரீங்காரம் போட்டுச்சு.

கேனை வெளிய பனில வைக்கலாம்னு மட்டும் நினைச்சுராதீங்க! ஹீட்டர் போட்ட ரூமுக்குள்ள ஐஸ் மாதிரி தண்ணி வந்தா டியூப் வேர்க்கும், அந்தச் சொட்டு நேரா மதர்போர்டுலதான் விழும்.