மலையில் இரண்டு ஏக்கர் – ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

எனக்கு வயது 43. தாம்பரத்தில் இருக்கிறேன். பத்தொன்பது வருஷமாக மென்பொருள் வேலை. திண்டுக்கல் மாவட்டம் தாண்டிக்குடி பக்கம் இரண்டு ஏக்கர் காப்பித் தோட்டம், ஒரு சின்ன ஓட்டு வீட்டோடு விலைக்கு வருகிறது. ஜனவரியில் போய்ப் பார்த்தேன். ரோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே நடக்க வேண்டும். கண்ணுக்கெட்டிய தூரம் வேறு வீடு கிடையாது. திரும்பி வந்ததிலிருந்து மனசு அங்கேயே கிடக்கிறது. யாருடைய தொந்தரவும் இல்லாமல் மிச்ச வாழ்க்கையை அங்கே வாழ ஆசை. மனைவிக்கு அரை மனசுதான். மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். இங்கிருக்கும் ஃபிளாட்டை விற்றால்தான் நிலம் வாங்க முடியும். நீங்கள் அந்த மலையில் பதினாலு வருஷமாக இருக்கிறீர்கள். நல்லது கெட்டது இரண்டையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

எஸ்., சென்னை

அன்புள்ள எஸ்.,

ஃபிளாட்டை மட்டும் இப்போது விற்காதீர்கள். உங்கள் கடிதத்தில் என்னைப் பதற வைத்தது அந்த ஒரு வரிதான். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

நீங்கள் போனது ஜனவரியில். கீழ்ப்பழனி மலை அந்த மாதத்தில் யாரையும் மயக்கிவிடும். வடகிழக்குப் பருவமழை முடிந்து ஊற்றெல்லாம் நிறைந்திருக்கும். காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருப்பார்கள். களத்தில் காயும் கொட்டையின் வாசனை காலைக் குளிரோடு சேர்ந்து வரும். நானும் ஒரு ஜனவரியில்தான் இந்த இடத்தைப் பார்த்தேன். ஏப்ரல் மாதம் அதே ஊற்று எப்படி இருக்கும் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் மேலே ஒரு பாறையிடுக்கிலிருந்து வருகிறது. மோட்டார் கிடையாது. சுமார் நானூறு மீட்டர் கறுப்பு ஹோஸ் பைப், பள்ளத்தைப் பார்த்து இறங்கி வந்து தொட்டியில் விழும். மழைக்காலத்தில் பைப்பின் வாயில் இலை அடைத்துக்கொள்ளும். காலையில் குழாய் இருமினால் புரிந்துவிடும், மேலே ஏறிப் போய் இலையை எடுத்துவிட வேண்டும். மார்ச் கடைசியில் தாரை விரல் கனம் ஆகிவிடும். ஏப்ரலில் பென்சில் கனம். ஒரு வருஷம் பதினோரு நாள் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. குடிக்கவும் சமைக்கவும் குடத்தில் சுமந்தோம், குளியல் இரண்டு நாளுக்கு ஒருமுறை. நீங்கள் பார்த்த இடத்தில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அந்த ஊற்று யார் நிலத்தில் இருக்கிறது, அதிலிருந்து வேறு எத்தனை பேர் பைப் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டீர்களா? விற்பவரிடம் கேட்டால் போதாது. தோட்டத்தில் வேலை செய்யும் அம்மாக்களிடம் கேளுங்கள். எந்த மாதம் எந்தக் குடத்தை எங்கே தூக்கிப் போனோம் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

அப்புறம் பாதை. எனக்கு நிலம் காட்டிய தரகர், காப்பிச் செடிகளுக்கு நடுவில் போகும் ஒரு தடத்தைக் காட்டி ‘இதுதாங்க பாதை’ என்றார். நடந்தேன், நன்றாகத்தான் இருந்தது. பத்திரம் முடிந்து எட்டு மாதம் கழித்துத்தான் அது அடுத்தவர் பட்டா என்று தெரிந்தது. எங்கள் பத்திரத்தில் நான்கு எல்லை எழுதியிருந்தது, பாதை பாத்தியம் எழுதவில்லை. பக்கத்து நிலத்துக்காரர் நல்ல மனிதர். அவர் மறித்திருந்தால் சொந்த நிலத்துக்குள் போக எனக்கு வழியே இருந்திருக்காது. அவரிடம் பணம் கொடுத்து, தனியாக எழுதி, பதிவு செய்துகொண்டேன். நீங்கள் முன்பணம் கொடுக்கும் முன்பே மூலப்பத்திரம், வில்லங்கம், சர்வே வரைபடம் மூன்றையும் விவரம் தெரிந்த வக்கீலிடம் கொடுங்கள். அது அரசு ஒப்படை செய்த நிபந்தனைப் பட்டாவா என்று கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். தலித் மக்களுக்கென்று அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலமாக இருந்தால் தொடவே தொடாதீர்கள். அது யாருக்காகக் கொடுக்கப்பட்டதோ அவர்களுக்குரியது.

இங்கே பல கிராமங்கள் ‘ஹாகா’ (HACA) என்று எல்லோரும் சொல்லும் அரசின் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கீழ் வருகின்றன. வீட்டை இடித்துப் பெரிதாகக் கட்டுவது கீழே மாதிரி சுலபமில்லை. 1955-ஆம் வருஷத்து மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருப்பதால் உங்கள் நிலத்து மரமாகவே இருந்தாலும் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. இந்தக் கட்டுப்பாடு இல்லையென்றால் நீங்கள் ஆசைப்பட்ட காடு இதற்குள் ரிசார்ட்டாக மாறியிருக்கும்.

வருமானத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு ஏக்கர் காப்பியும் மிளகும் ஒரு குடும்பத்துக்குப் பக்கபலமாக இருக்கும், சோறு போடாது. இந்த மலையின் வாழை ஒரு காலத்தில் அந்தச் சோற்றைப் போட்டது. பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போகும் விருப்பாச்சிப் பழம் இங்கே விளைந்ததுதான். அசுவினிப் பூச்சி பரப்பும் முடிக்கொத்து நோய் வந்து தோட்டம் தோட்டமாக அழித்தது. பஞ்சாமிர்தத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த செய்தி வந்த அன்று எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் ரொம்ப நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அவருடைய அப்பா காலத்தில் குதிரையில் தார் தாராக இறக்கிய நிலம், இப்போது வீட்டுக்கு நாலு மரம்தான் நிற்கிறது. ஒரே பயிரை நம்பாதீர்கள் என்பதை இங்கே யாரும் வாயால் சொல்லித் தர வேண்டியதில்லை. காப்பி விலை ஏறினாலும் பறிப்புக் கூலியும் ஆள் கிடைக்காத கஷ்டமும் கூடவே ஏறுகின்றன. காப்பி வியாபாரம் நடக்கும் பட்டிவீரன்பட்டிக்கு மூட்டை போய்ச் சேர்ந்து, செலவு போக மிஞ்சியதைப் பார்த்தால்தான் கணக்கு புரியும். எனவே மாதாமாதம் வெளியிலிருந்து ஏதாவது வருமானம் வேண்டும். சிக்னல் எங்கள் பக்கம் ஒரு பாறை மேல்தான் கிடைக்கும். வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் எண்ணம் இருந்தால் அந்த இடத்தில் சோதித்துப் பாருங்கள், அதுவும் மழை நாளில்.

இனி உங்கள் கடிதத்தின் நடுவில் இருக்கும் ஆசைக்கு வருகிறேன். ‘யாருடைய தொந்தரவும் இல்லாமல்’ என்று எழுதியிருக்கிறீர்கள். தாம்பரத்தில் எதிர் ஃபிளாட்டில் யார் இருக்கிறார் என்று தெரியாமல் இருபது வருஷம் ஓட்டிவிடலாம். மலையில் ஒரு மழைக்காலம்கூட அப்படித் தாண்ட முடியாது.

2018 நவம்பர் 16. கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, திண்டுக்கல் வழியாக இந்த மலை மேல் ஏறியது. மதியத்துக்குள் எங்கள் பாதையில் பதினேழு சில்வர் ஓக் விழுந்து கிடந்தன. கரண்டு இல்லை, போன் இல்லை. அம்மாவுக்கு அப்போது 78 வயது, ஆஸ்துமா. சாயங்காலம் இழுப்பு வந்துவிட்டது. நான் கொட்டும் மழையில் மரத்துக்கு மரம் குனிந்தும் ஏறியும் கீழே இருக்கும் குடியிருப்புக்குப் போய்ச் சொன்னேன். ஆறு பேர் வந்தார்கள். அதில் இரண்டு பேரைத்தான் எனக்குப் பெயர் சொல்லித் தெரியும். எங்கள் திண்ணையில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து, இரண்டு பக்கமும் மூங்கில் கொடுத்து, வாழை நாரும் நைலான் கயிறும் சேர்த்துக் கட்டினார்கள். அம்மாவை உட்கார வைத்து, சாக்கைப் பிரித்துத் தலைக்குக் கொங்காணி போட்டுவிட்டார்கள். தூக்கும் முன் ஆறு பேரும் செருப்பைக் கழற்றி எங்கள் வாசலில் வரிசையாக விட்டார்கள். சேற்றில் வெறுங்கால்தான் பிடிக்கும். விழுந்த மரம் வரும்போதெல்லாம் நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கி அந்தப் பக்கம் இருப்பவர்களிடம் மாற்றினார்கள். இரண்டு கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரம் ஆனது. அம்மா பிழைத்தார், அதற்குப் பிறகு நாலு வருஷம் எங்களோடு இருந்தார்.

நான் பணம் எடுத்து நீட்டினேன். ‘இதுக்கெல்லாம் காசா’ என்று ஒதுக்கிவிட்டார்கள். அதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வருஷம் அந்த ஆறு பேரில் ஒருவருடைய தகப்பனார் இறந்தபோது நான் சென்னையில் இருந்தேன். செய்தி வந்தது, ஆனால் வேலை இருந்தது. இரண்டு வாரம் கழித்துத் திரும்பியும் கேதம் விசாரிக்கப் போகவில்லை. இதற்கெல்லாம் நாள் தாண்டிவிட்டது என்று நானே முடிவு செய்துகொண்டேன். அந்தப் பருவம் காப்பி பறிக்க எங்கள் தோட்டத்துக்கு ஒருவரும் வரவில்லை. யாரும் கோபமாகப் பேசவும் இல்லை, பார்த்தால் சிரிப்பார்கள். பழம் செடியிலேயே கறுத்து உதிர்ந்தது. டிசம்பர் கடைசியில்தான் எனக்கு உறைத்தது. தகப்பனாரை இழந்த அவர் வீட்டுக்குப் போய் மண் திண்ணையில் உட்கார்ந்தேன். எதுவும் சொல்ல வரவில்லை. அந்த வீட்டு அம்மா ஒரு வரக்காப்பி போட்டுக் கொடுத்தார். மூன்றாம் நாள் காலையில் நான்கு பெண்கள் கூடையோடு வந்தார்கள்.

இந்தத் தொந்தரவெல்லாம் வேண்டாம் என்றால், எஸ்., மலை உங்களுக்குச் சரிப்படாது. கல்யாணம், கேதம், கோயில் வரி, பாதையில் விழுந்த மரத்தை வெட்டப் போவது, நடுராத்திரியில் டார்ச்சோடு யாரையோ சுமப்பது, எல்லாவற்றுக்கும் ஆளாக நிற்க வேண்டும். நின்றால், நகரத்தில் நான் ஒருநாளும் அனுபவிக்காத ஒரு தைரியம் கிடைக்கிறது. எனக்கு இந்த மலை கொடுத்த பெரிய வரவு அதுதான்.

பயப்பட வேண்டியவையும் உண்டு. காட்டுமாடு களத்துக்கே வரும், விலகி நின்றால் அது தன் வழியில் போய்விடும். யானை நடமாட்டம் இருக்கும் நாளில் இருட்டிய பின் நடக்கக் கூடாது. பாம்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் ஆஸ்பத்திரிகளில் இருக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்காகத் தயாரிப்பது. காப்பிச் செடியில் பச்சையாகச் சுருண்டு கிடக்கும் குழிவிரியனுக்கு அது வேலை செய்யாது. பெரும்பாலும் உயிர் போகாது, ஆனால் கை வீங்கி நாள் கணக்கில் வேதனை. எதுவாக இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அந்த இரண்டு கிலோமீட்டரை மறுபடி நினைத்துப் பாருங்கள்.

இதையெல்லாம் மீறி ஏன் இங்கேயே இருக்கிறேன் என்று கேட்பீர்கள். மார்ச், ஏப்ரலில் ஒரு மழை வரும், பூ மழை என்போம். அது பெய்து எட்டு, ஒன்பது நாள் ஆனால் காப்பிச் செடி மொத்தமும் ஒரே காலையில் பூத்துவிடும். முந்தின நாள் மெழுகுத்திரி முனை மாதிரி மொட்டு நின்ற கிளை, விடிந்தால் பனி கொட்டியது போல இருக்கும். மல்லிகைக்குப் பக்கத்தில் வரும் வாசனை. சரிவு முழுக்கத் தேனீ இரைச்சல், கதவைத் திறந்தால் வீட்டுக்குள் வரை கேட்கும். மூன்றாம் நாள் பூ பழுப்பாகிவிடும். பதினாலு வருஷத்தில் ஒரு வருஷம்தான் நான் ஊரில் இல்லாமல் அதைத் தவறவிட்டேன், இன்னும் அந்த வருத்தம் இருக்கிறது. பென்சில் கனத் தண்ணீரும் இதுவும் ஒரே மாதத்தில்தான் வருகின்றன.

உங்கள் மனைவியின் அரை மனசை ஒரு தடையாக நினைக்காதீர்கள். விறகு ஈரமாக இருக்கும் நாளில் அடுப்பு, உலராத துணி, மகளின் பள்ளிக்கூடம், இவற்றை எல்லாம் அவர் ஏற்கெனவே யோசித்துவிட்டார் என்று அர்த்தம். மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் வரை குடும்பத்தை இங்கே மாற்ற வேண்டாம் என்பதே என் கருத்து.

அதற்குள் ஒன்று செய்யலாம். பண்ணைக்காட்டிலோ தாண்டிக்குடியிலோ வாடகைக்கு ஒரு வீடு பிடியுங்கள். நவம்பரில் இரண்டு வாரம், ஏப்ரலில் இரண்டு வாரம் இருவரும் தங்குங்கள். நவம்பரில் வருவதாக இருந்தால் முன்னாலேயே எழுதுங்கள். நான் பறிப்புக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருப்பேன். காலை ஏழு மணிக்குக் களத்துக்கு வந்தால் உங்களுக்கும் ஒரு கூடை இருக்கும். அட்டை ஏறும், உப்புத் துணி நான் தருகிறேன். செருப்பு வேண்டாம், நல்ல பிடிப்புள்ள ரப்பர் பூட்ஸ் வத்தலக்குண்டிலேயே கிடைக்கும், வாங்கிக்கொண்டு ஏறுங்கள்.

அன்புடன்.