ஒற்றைத் தலைவலி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரிதானா?

தனக்கும் தன் தம்பிக்கும் மைக்ரேன் என்கிற ஒற்றைத் தலைவலி இருப்பதாகச் சொல்லி, இரண்டும் ஒரே நோயா, பெண்களுக்கு ஏன் அதிகம் என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்.

நோய் ஒன்றுதான். வருகிற நேரமும் தங்குகிற நேரமும்தான் வேறு. சின்ன வயதில் பையன்களுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் ஏறக்குறைய சமமாகவே வருகிறது. வயதுக்கு வந்த பிறகு கணக்கு மாறி, பெரியவர்களில் ஒரு ஆணுக்கு இரண்டு மூன்று பெண்கள் என்றாகிவிடுகிறது. பெரும் காரணம் ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன். அது சட்டென்று இறங்கும்போது வலி கிளம்புகிறது. மாதவிடாய்க்கு முந்தின இரண்டு நாளும் தொடங்கிய முதல் மூன்று நாளும் அப்படிப்பட்ட காலம். அப்போது வருவது நீண்டு நிற்கும், மாத்திரைக்கும் எளிதில் அடங்காது. கர்ப்பத்தில் நாலாம் மாதத்துக்குப் பிறகு பலருக்குக் குறைந்து, பிள்ளை பெற்றதும் திரும்புகிறது. மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய வருடங்கள் மோசம். நின்ற பிறகு நிறையப் பேருக்கு நிம்மதி.

எங்கள் அம்மாவுக்கும் அப்படித்தான் குறைந்தது. இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவர். காலையில் பெரட்டுக்கு, அதாவது பேர் பதிந்து வேலை பிரிக்கும் இடத்துக்கு, ஓடும் அவசரத்தில் வெறும் தேத்தண்ணியோடு மலை ஏறுவார். பசி, தூக்கக் குறைவு, தண்ணீர் குடிக்காமை, கண்ணில் அடிக்கும் வெயில் எல்லாமே மைக்ரேனைத் தூண்டும். மலையில் கக்கூஸ் இல்லை என்பதற்காகத் தண்ணீரையே தவிர்க்கும் பெண்கள் இன்றும் இருக்கிறார்கள், மாதவிடாய் நாளில் இன்னும் குறைப்பார்கள். ஹார்மோன் இறங்கும் அதே நாளில் உடம்பும் வறண்டு கிடக்கிறது. பாதியில் இறங்கினால் அரைப்பேர்தான், அரைநாள் சம்பளம்தான், விழும் என்று வாந்தி எடுத்துவிட்டும் பறிப்பார்கள். அவர்கள் படும் பாட்டுக்கு ஹார்மோனை மட்டும் காரணம் சொல்லி நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

என் அண்ணன் கதை வேறு. ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், இரவு வேலை. தூக்கம் கெட்ட மறுநாள் வலி வரும். ஆண்களுக்குப் பொதுவாகக் குமட்டலும் வெளிச்சக் கூச்சமும் சற்றுக் குறைவு, வலியும் சீக்கிரம் விலகும். அதனாலேயே டாக்டரிடம் போகமாட்டார்கள். சுற்றியிருப்பவர்களும் பித்தம், சாராயம் என்று முடித்துவிடுவார்கள். உங்கள் தம்பி விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு கண்ணைச் சுற்றி மட்டும் குத்தி, அந்தக் கண்ணில் நீர் வடிந்து, மூக்கடைத்து, 15 நிமிடம் முதல் 3 மணிநேரம் வரை நிற்கிறதா? மைக்ரேன்காரர் இருட்டில் அசையாமல் படுப்பார். இந்த வலிக்காரரோ ஓரிடத்தில் இருக்க முடியாமல் நடந்துகொண்டே இருப்பார். இது கிளஸ்டர் தலைவலி, ஆண்களுக்கே அதிகம். இதற்கு வைத்தியமும் வேறு.

உங்களுக்கு ஒன்று கட்டாயம் சொல்ல வேண்டும். வலிக்கு முன் கண்ணில் கோடு கோடாக மின்னுவதோ, பார்வையில் ஒரு பகுதி மறைவதோ உண்டா? இருந்தால் கர்ப்பத்தடை மாத்திரை எடுக்குமுன் மிட்வைஃப் மிஸ்ஸிடமோ கிளினிக் டாக்டரிடமோ சொல்லிவிடுங்கள். இந்த வகை மைக்ரேனோடு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை சேர்ந்தால் பக்கவாத ஆபத்து கூடும். உலக சுகாதார நிறுவனமே இவர்களுக்கு அது வேண்டாம் என்கிறது. ஈஸ்ட்ரோஜன் இல்லாத முறைகள் இருக்கின்றன, கேளுங்கள்.

திடீரென்று இடி விழுந்த மாதிரி வலி, கை கால் விளங்காமை, பேச்சுக் குழறல் என்றால் தோட்டத்து டிஸ்பென்சரியில் காத்திருக்காமல் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

அப்புறம் பனடோல், அதாவது பாரசிட்டமோல் மாத்திரை. மாதத்தில் 15 நாளுக்கு மேல், மாதக் கணக்கில் விழுங்கினால் அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். இப்போதிருந்தே ஒரு கலண்டரில் வலி வந்த நாளையும் மாத்திரை போட்ட நாளையும் குறியுங்கள். நீங்கள் மாதவிடாய் நாளையும், தம்பி தூக்கம் கெட்ட நாளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிளினிக்கில் கூட்டம் நெருக்கும்போது வாயால் விளக்க நேரம் கிடைக்காது, அந்தத் தாளை நீட்டினால் டாக்டர் உடனே விஷயத்துக்கு வந்துவிடுவார்.