கலிபோர்னியாவில் வீட்டு வேலைக்கு உரிமம் உள்ள ஜெனரல் கான்ட்ராக்டரை எப்படிப் பார்த்துப் பிடிப்பது?

ஃப்ரீமாண்டில் பழைய வீடு வாங்கியிருப்பதாகவும், சமையலறையையும் ஒரு குளியலறையையும் முழுதாக இடித்துக் கட்ட வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். மூன்று பேர் விலை சொல்லியிருக்கிறார்கள், நான்காவதாக ஒருவர் உரிமம் இல்லாமலே பாதி விலைக்குச் செய்து தருவதாகச் சொல்கிறார். சான்டா கிளாரா பக்கம் எங்கள் வீட்டில் இதே வேலையை முடித்திருக்கிறோம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: உரிமத்தைச் சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும், அதைக் கட்டாயம் செய்யுங்கள். அதைவிட அதிக நேரத்தைப் பணம் எப்போது, எதற்காக உங்கள் கையை விட்டுப் போகிறது என்பதில் செலவிடுங்கள்.

நான் சொல்வது கலிபோர்னியாவுக்கு மட்டும்தான். டெக்சாஸில் மாநில அளவில் ஜெனரல் கான்ட்ராக்டர் உரிமம் என்ற ஒன்றே கிடையாது. டல்லாஸில் இருக்கும் உறவினர் சொன்ன யோசனை இங்கே பொருந்தாது.

முதலில் அந்தப் பாதி விலைக்காரர். வாட்ஸ்அப் குழுவில் யாராவது, "நமக்குத் தெரிஞ்ச ஆளுதாங்க, கேஷா குடுத்தா சீக்கிரமா முடிச்சுக் குடுத்துடுவார்" என்று ஒரு நம்பரை அனுப்புவார்கள். நல்லெண்ணத்தில்தான் அனுப்புகிறார்கள். ஆனால் கூலியும் பொருளும் சேர்ந்து 1,000 டாலரை எட்டும் வேலைக்கு இங்கே உரிமம் வேண்டும். 2024 முடியும் வரை இந்த வரம்பு 500 டாலராக இருந்தது. அதற்குக் குறைந்த வேலையானாலும், பெர்மிட் (நகராட்சியின் கட்டட அனுமதி) தேவைப்பட்டாலோ, அவர் ஆள் வைத்துச் செய்தாலோ உரிமம் இல்லாமல் செய்யக் கூடாது. உரிமம் இல்லாதவர் கூலி கேட்டு வழக்குப் போட முடியாது, கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கும் உரிமைகூட உங்களுக்கு உண்டு. ஆனால் கேஷாக வாங்கிக்கொண்டு போனவர் எங்கே இருக்கிறார் என்று யாரிடம் போய்க் கேட்பீர்கள்? அவருடைய ஆள் உங்கள் வீட்டு ஏணியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டால், காப்பீடு இல்லாத நிலையில் அந்தச் சுமை வீட்டுக்காரர் தலையில் வந்து விழக்கூடும். என்னைக் கேட்டால் அந்த நம்பரை இப்போதே அழித்துவிடுங்கள்.

மற்ற மூவரின் உரிம எண்களை, உரிமம் கொடுக்கும் மாநில வாரியமான சிஎஸ்எல்பியின் தளத்தில் போட்டுப் பாருங்கள். 'ஆக்டிவ்' என்று இருந்தால் மட்டும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். அந்தப் பக்கத்தில் உள்ள பெயரும், ஒப்பந்தத்தில் உள்ள பெயரும், நீங்கள் காசோலை எழுதப்போகும் பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். அண்ணன் உரிமத்தில் தம்பி வேலை பிடிப்பதெல்லாம் நடக்கிறது. வகை 'பி' என்றால் பொதுக் கட்டட வேலை. 'பி-2' என்பது 2021இல் வந்த, உள்வேலை புதுப்பிப்புக்கான உரிமம். அதை வைத்துக்கொண்டு பாரம் தாங்கும் சுவரில் கை வைக்கக் கூடாது. சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவிலுள்ள சுவரை எடுக்கும் எண்ணம் இருந்தால் இது முக்கியம்.

அதே பக்கத்தில் வொர்க்கர்ஸ் காம்ப், அதாவது வேலையாட்களுக்கு அடிபட்டால் ஈடுகட்டும் காப்பீடு, என்று ஒரு பகுதி இருக்கும். அங்கே 'எக்ஸெம்ப்ட்' என்று போட்டிருந்தால், தனக்கு வேலையாட்களே கிடையாது என்று அவர் வாரியத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று பொருள். அப்படிப்பட்டவர் அளவெடுக்க வரும்போதே, "நம்ம பசங்க நாலு பேர் திங்கள்கிழமை வந்துடுவாங்க" என்கிற மாதிரி பேசினால், அந்த நாலு பேர் யாருடைய காப்பீட்டில் வருகிறார்கள் என்று உடனே கேளுங்கள். உரிமத்துக்காக அவர் வைத்திருக்கும் 25,000 டாலர் பாண்டையும் (ஈட்டுறுதிப் பத்திரம்) உங்களுக்கான காப்பீடாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அவரால் பாதிக்கப்பட்ட எல்லோருக்கும் சேர்த்து அந்த ஒரே தொகைதான். பொதுப் பொறுப்புக் காப்பீடு எல்லாக் கான்ட்ராக்டர்களுக்கும் சட்டப்படி கட்டாயமில்லை. இருக்கிறது என்று சொன்னால், சான்றிதழை அவருடைய காப்பீட்டு ஏஜென்ட் நேராக உங்களுக்கு அனுப்பட்டும்.

இனி பணம். வீட்டுப் புதுப்பிப்பு ஒப்பந்தத்தில் முன்பணம் 1,000 டாலர் அல்லது மொத்தத் தொகையில் 10 சதவீதம், இரண்டில் எது குறைவோ அதற்கு மேல் வாங்கக் கூடாது. 80,000 டாலர் வேலைக்கு 1,000 டாலர்தான். சிறப்புப் பாண்ட் பதிந்து வைத்திருக்கும் சிலருக்கு மட்டும் விலக்கு உண்டு, அது அவர்களின் உரிமப் பக்கத்திலேயே தெரியும். எங்களிடம் வந்தவர்களில் ஒருவர், நல்ல வேலைக்காரர்தான், "கேபினெட் ஆர்டர் போடணும், 30 பர்சென்ட் வேணும்" என்றார். தனியாக ஆர்டர் செய்து வரவழைக்கும் பொருளுக்கென்று சட்டத்தில் சலுகை இல்லை. கேபினெட்டை நாங்களே கடையில் நேரடியாக வாங்கித் தருகிறோம், நீங்கள் பொருத்தும் வேலையை மட்டும் எழுதுங்கள் என்றோம். அவருக்கு விருப்பமில்லை, போய்விட்டார். அடுத்தவர் தயங்காமல் ஒத்துக்கொண்டார்.

அதன் பிறகு கொடுக்கும் ஒவ்வொரு தவணையும், முடிந்த வேலையின் மதிப்பையும் வந்து இறங்கிய பொருளின் மதிப்பையும் தாண்டக் கூடாது. இதுவும் சட்டம்தான். தவணையைத் தேதியோடு கட்டாதீர்கள், நகராட்சி இன்ஸ்பெக்ஷனோடு கட்டுங்கள். உதாரணமாக, குழாயும் வயரிங்கும் சுவருக்குள் போட்டு முடிந்து, டிரைவால் (சுவரை மூடும் ஜிப்சம் பலகை) அடிப்பதற்கு முன் இன்ஸ்பெக்டர் வருவார். எங்கள் வீட்டுக்கு வந்தவர் ஒவ்வொரு மரச்சட்டமாகப் பார்த்தார். குழாய் சட்டத்தின் ஓரத்தை ஒட்டிப் போகும் இடங்களில் சிறிய இரும்புத் தகடு அடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் டிரைவால் திருகு குழாயைத் துளைத்துவிடும். இரண்டு இடங்களில் தகடு இல்லை. ஷவர் தளத்தில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்ததையும், கசிகிறதா என்று கீழே குனிந்து பார்த்தார். தகடு அடித்து, அவர் மறுபடியும் வந்து பெர்மிட் அட்டையில் கையெழுத்துப் போட்ட பிறகே அந்தத் தவணையைக் கொடுத்தோம். கான்ட்ராக்டருக்கும் அதில் வருத்தமில்லை, ஒப்பந்தத்திலேயே அப்படித்தான் எழுதியிருந்தது. சுவர் திறந்திருக்கும் அந்த நாளில் அளவெடுக்கும் டேப்பை ஒட்டிப் பிடித்து எல்லாச் சுவரையும் படம் எடுத்து வையுங்கள். பின்னால் அலமாரி மாட்ட ஆணி அடிக்கும்போதெல்லாம் அந்தப் படங்கள் உதவும்.

பலருக்கும் தெரியாத விஷயம் லீன், அதாவது வர வேண்டிய பணத்துக்காக உங்கள் வீட்டின் மேல் பதியும் உரிமைக் கோரிக்கை. நீங்கள் கான்ட்ராக்டருக்குப் பைசா பாக்கியில்லாமல் கொடுத்திருக்கலாம். அவர் டைல் கடைக்கோ பிளம்பருக்கோ கொடுக்காமல் விட்டால், அவர்கள் உங்கள் வீட்டின் மேல் மெக்கானிக்ஸ் லீன் பதியலாம். நீங்கள் முகத்தைக்கூடப் பார்க்காத ஒருவருக்கு அதே பணத்தை இரண்டாம் முறை கொடுக்கும் நிலை வரலாம். வேலை தொடங்கிய சில வாரங்களில் பதிவுத் தபாலில் 'பிரிலிமினரி நோட்டீஸ்' என்று ஒன்று வரும். பயப்பட வேண்டாம், அது லீன் அல்ல. 'உங்கள் வீட்டுக்குப் பொருள் கொடுத்திருக்கிறேன், எனக்கும் பணம் வர வேண்டியிருக்கிறது' என்ற தகவல் மட்டுமே. அதைக் குப்பையில் போடாமல், யார் யார் அனுப்பினார்கள் என்று பட்டியல் எழுதி வையுங்கள். ஒவ்வொரு தவணையின்போதும் கான்ட்ராக்டரிடமிருந்தும், அந்தத் தவணையில் பங்குள்ள பட்டியல்காரர்களிடமிருந்தும் லீன் ரிலீஸ், அதாவது அந்தத் தொகைக்கு லீன் உரிமையை விட்டுக்கொடுக்கும் கடிதம், வாங்க வேண்டும். காசோலை கொடுக்குமுன் 'கண்டிஷனல்' (பணம் வந்து சேர்ந்தால் மட்டும் செல்லும்), பணம் போய்ச் சேர்ந்த பின் 'அன்கண்டிஷனல்' (நிபந்தனையில்லாதது). வாசகம் சட்டத்திலேயே இருக்கிறது, யாரும் புதிதாக எழுத வேண்டாம். நேர்மையான கான்ட்ராக்டருக்கு இது அன்றாட வேலை. முகம் சுளிப்பவரைப் பற்றி யோசியுங்கள்.

பெர்மிட்டை அவரே, அவர் உரிமத்தில் எடுக்க வேண்டும். "நீங்களே ஓனர்-பில்டர்னு (வீட்டுக்காரரே கட்டுபவர்) எடுத்துடுங்க, சீக்கிரம் கிடைக்கும்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வேலையின் பொறுப்பு மொத்தமும் உங்கள் பெயருக்கு மாறிவிடும்.

விலைகளை ஒப்பிடும்போது 'அலவன்ஸ்' தொகையை, அதாவது நீங்கள் பின்னால் தேர்ந்தெடுக்கும் பொருளுக்கென்று அவர்கள் உத்தேசமாக ஒதுக்கியிருக்கும் தொகையை, கவனியுங்கள். ஒருவர் டைலுக்குச் சதுர அடிக்கு 4 டாலரும், இன்னொருவர் 12 டாலரும் போட்டிருப்பார்கள். மொத்தத்தில் முதல்வர் மலிவாகத் தெரிவார், கடையில் உங்களுக்குப் பிடித்த டைலைத் தொட்டதும் அந்த வித்தியாசம் போய்விடும். நடுவில் மாற்றம் எதுவானாலும் விலையோடு எழுத்தில் வாங்கி, இருவரும் கையெழுத்திட்ட பிறகே செய்யச் சொல்லுங்கள். அவர் முடித்த வீட்டின் படங்களைவிட, இப்போது வேலை நடக்கும் ஒரு வீட்டைக் காட்டச் சொல்லுங்கள். தரை மூடியிருக்கிறதா, தினமும் யார் மேற்பார்வை பார்க்கிறார்கள் என்பது அங்கே தெரிந்துவிடும்.

கையெழுத்துப் போட்டபின் மனம் மாறினால், பொதுவாக வீட்டில் வைத்துப் போட்ட ஒப்பந்தத்தை மூன்று வேலை நாட்களுக்குள் ரத்து செய்யலாம். 65 வயதோ அதற்கு மேலோ ஆனவர்களுக்கு ஐந்து வேலை நாட்கள். அப்பா அம்மா பெயரில் வீடு இருந்தால் இது அவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

கடைசித் தவணையை ஃபைனல் இன்ஸ்பெக்ஷன் முடிந்து, எல்லா ரிலீஸும் கைக்கு வரும்வரை விடாதீர்கள். வேலை முடிந்த 15 நாட்களுக்குள் கவுன்டி ரெக்கார்டர் (பத்திரப் பதிவு) அலுவலகத்தில் 'நோட்டீஸ் ஆஃப் கம்ப்ளீஷன்' என்ற வேலை முடிந்த அறிவிப்பைப் பதிந்தால், துணைக் கான்ட்ராக்டர்களும் கடைக்காரர்களும் லீன் போடுவதற்கான கெடு 90 நாட்களிலிருந்து 30 நாட்களாகக் குறையும். ஒப்பந்தம், காசோலை நகல், படங்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். கண்ணுக்குத் தெரியும் குறைகளுக்கு வாரியத்தில் புகார் கொடுக்க நான்கு ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு, அப்போது அவர்கள் முதலில் கேட்பது இந்தக் காகிதங்களைத்தான்.