ஓஎம்டி இசைத்தட்டுகள் சேகரிக்கிறீர்களா? கேளுங்கள், சொல்கிறேன்

ஆர்கெஸ்ட்ரல் மனூவர்ஸ் இன் தி டார்க், சுருக்கமாக ஓஎம்டி. லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் விர்ரல் பகுதியில் ஆண்டி மெக்லஸ்கியும் பால் ஹம்ஃப்ரீஸும் 1978-ல் ஆரம்பித்த சிந்த்-பாப் குழு, அதாவது சிந்தசைசர் என்ற மின்னணுக் கருவியை வைத்துப் பாப் பாட்டு போடுகிறவர்கள். இருபது வருடமாக இவர்கள் தட்டுகளைத் தேடி வாங்கிக்கொண்டிருக்கிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

அண்ணா, இவர்கள் பாட்டில் "எனோலா கே" மட்டும்தான் தெரியும். எங்கிருந்து ஆரம்பிக்கட்டும்?

1981-ல் வந்த "ஆர்கிடெக்சர் அண்ட் மொராலிட்டி"யில் ஆரம்பி தம்பி. எல்லாரும் வாங்கிய ஆல்பத்தையா சொல்கிறான் என்று நினைக்காதே. முப்பது லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது, அதனால் நல்ல பிரதி சுலபமாகக் கிடைக்கும். மெல்லோட்ரானில் (டேப்பில் பதிந்த ஒலிகளை வாசிக்கும் கீபோர்டு) வரும் அந்தக் கோரஸ் குரல்களில் ஒரு வாரம் ஊறிவிட்டு அடுத்த ஆல்பத்தைப் போட்டால்தான் அன்றைய ரசிகர்களுக்கு ஏன் தூக்கிவாரிப் போட்டது என்று புரியும்.

அந்த அடுத்த ஆல்பம் "டாஸில் ஷிப்ஸ்"தானே? படுதோல்வி என்கிறார்களே, காசு கொடுத்து வாங்கலாமா?

வாங்குங்கள். 1983 மார்ச்சில் வந்தது. முந்தைய ஆல்பம் விற்றதில் பத்தில் ஒரு பங்குதான் இது விற்றது என்பது உண்மை. காரணமும் தட்டிலேயே இருக்கிறது. முதல் பக்கத்தில் ஊசியை வைத்ததும் பாட்டு வராது, பிராக் வானொலியின் நிலைய இசைதான் வரும், ஏதோ சிற்றலை ரேடியோவைத் திருகிக்கொண்டிருப்பது போல. இரண்டாம் பக்கத்தில் பல நாட்டுத் தொலைபேசிகள் நேரம் சொல்லும் குரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியே ஒரு டிராக் செய்திருக்கிறார்கள். "ஜெனடிக் என்ஜினியரிங்"கில் குழந்தைகளுக்கு எழுத்துக்கூட்டச் சொல்லித்தரும் ஸ்பீக் அண்ட் ஸ்பெல் பொம்மை பேசுகிறது. முந்தைய ஆல்பத்தின் "சூவனியர்" பாட்டு மாதிரி இன்னொன்றை எதிர்பார்த்து வாங்கியவர் என்ன செய்வார், பாவம்!

இன்னொரு விஷயம், இதைப் பலர் கவனிப்பதில்லை. புதுப் பாட்டுக்கு அப்போது அவர்களிடம் பஞ்சம். "தி ரொமான்ஸ் ஆஃப் தி டெலஸ்கோப்", "ஆஃப் ஆல் தி திங்ஸ் வி'வ் மேட்" இரண்டும் முன்பே சிங்கிள்களின் (பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சின்னத் தட்டு) பின்பக்கத்தில் வந்தவை. "ரேடியோ வேவ்ஸ்" ஓஎம்டிக்கு முன்னால் அவர்கள் வைத்திருந்த தி ஐடி குழுவின் பாட்டு. பழசையும் சத்தங்களையும் ஒட்டுப்போட்டுச் செய்த ஆல்பம்தான், ஆனால் ஒட்டுப்போட்ட இடம் வெளியே தெரிவதுதான் எனக்கு அதில் பிடித்ததே.

அதன் முதல் பதிப்பை எப்படிக் கண்டுபிடிப்பது?

உறையைப் பாருங்கள். புத்தகம் போல விரியும், முன்னால் துளைகள் வெட்டியிருக்கும். லேபிளில் டெலிகிராஃப் என்று இருக்கும். அது தனிக் கம்பெனி இல்லை, வர்ஜின் கம்பெனி வைத்துக்கொண்ட பெயர்தான். தட்டு உள்ளே போகும்போதும் வரும்போதும் அந்தத் துளைகளின் ஓரம்தான் முதலில் மடங்கும், கிழியும். அதனால் விற்பவர் "விஜி பிளஸ்" (மிக நல்ல நிலைக்கும் ஒரு படி மேல்) என்று சொன்னாலும் துளைகளைக் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நான் கேட்காமல் ஒன்று வாங்கி, வந்த உறையில் இரண்டு துளைக்கு நடுவே செலோடேப்! அந்த டேப்பும் மஞ்சளாகிப்போயிருந்தது.

அதற்குப் பின்னால் வந்த "ஜங்க் கல்ச்சர்", "கிரஷ்", "தி பசிஃபிக் ஏஜ்" ஆல்பங்கள் எப்படி?

"ஜங்க் கல்ச்சர்" (1984) ஆரம்பப் பிரதிகளில் ஒரு பக்கம் மட்டும் பாட்டு உள்ள 7 அங்குலத் தட்டு இலவசமாக வந்தது. அது உள்ளே இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள், பெரும்பாலும் யாராவது எடுத்திருப்பார்கள். "கிரஷ்" பரவாயில்லை. "பசிஃபிக் ஏஜ்" மலிவாகக் கிடைத்தால் பார்க்கலாம்.

ஃபேக்டரி கம்பெனி வெளியிட்ட முதல் "எலக்ட்ரிசிட்டி" சிங்கிள் வேண்டும் சார். மதிப்பு உண்டா?

உண்டு, விலையும் உண்டு. 1979-ல் வந்தது, கம்பெனியின் வரிசை எண் ஃபேக் 6. உறையை வடிவமைத்த பீட்டர் சாவில் கறுப்பு அட்டையில் கறுப்பு மையால் எழுத்தைப் புடைப்பாக அச்சிட வைத்தார். நேராகப் பார்த்தால் வெறும் கறுப்பு அட்டை, வெளிச்சத்தில் சாய்த்தால்தான் எழுத்து தெரியும். பாட்டு மட்டும் போதுமென்றால் பின்னால் டின்டிஸ்க் கம்பெனி போட்ட சிங்கிள் இருக்கிறது.

1989-ல் குழு பிரிந்தபோது மெக்லஸ்கி தவிர மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

ஹம்ஃப்ரீஸ், மால்கம் ஹோம்ஸ், மார்ட்டின் கூப்பர் மூவரும் தி லிசனிங் பூல் என்ற பெயரில் "ஸ்டில் லைஃப்" என்று ஒரே ஒரு ஆல்பம் போட்டார்கள். மெக்லஸ்கி ஓஎம்டி பெயரிலேயே தொடர்ந்து 1991-ல் "சுகர் டாக்ஸ்" கொடுத்தார். அந்தப் பெயரும் கூட்டமும் அவர் பக்கம் போய்விட, "ஸ்டில் லைஃப்"பை யாரும் கண்டுகொள்ளவில்லை. சேகரிக்கிறவர்கள் இதை விடக்கூடாது, ஆனால் அவசரமும் வேண்டாம்.

என்னிடம் டர்ன்டேபிளே இல்லை, சிடிதான். சிரிக்காதீர்கள்.

எதற்குச் சிரிக்க வேண்டும்? "டாஸில் ஷிப்ஸ்" 2008 ரீமாஸ்டர் சிடியை வாங்குங்கள். "ஜெனடிக் என்ஜினியரிங்" சிங்கிளின் பின்பக்கத்தில் கிடந்த "4-நொய்" அதில் இருக்கிறது, நொய் என்ற ஜெர்மன் குழுவுக்கு இவர்கள் வைத்த வணக்கம் அது. இரவு எல்லாரும் தூங்கிய பிறகு ஹெட்போனில் கேளுங்கள்.