அட்டை இருக்கிறது, பெயர் இல்லையே!

கேள்வி: அக்கா, எனக்கு வயது 36. ராயபுரத்திலிருந்து 2021 கடைசியில் கொருக்குப்பேட்டைக்கு வாடகைக்கு வந்தோம். 2022 மாநகராட்சித் தேர்தலன்று வாக்காளர் அட்டையோடு பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். முக்கால் மணி நேரம் வரிசையில் நின்ற பிறகு, "லிஸ்ட்ல உங்க பேர் இல்லம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். அழுகையே வந்துவிட்டது. அப்புறம் எதுவும் செய்யாமல் விட்டுவிட்டேன். 2025 கடைசியில் பட்டியல் திருத்தத்துக்குப் படிவம் கொடுத்தபோதும் எங்களுக்கு வந்து சேரவில்லை. வீட்டுக்காரர் காசிமேட்டில் விசைப்படகில் போகிறவர். மாமியாருக்கு முட்டிவலி. அடுத்த முறையாவது மூன்று பேரும் ஓட்டுப் போட வேண்டும் என்று நினைக்கிறேன். "கவுன்சிலர் எலெக்‌ஷன்தானே, விடு" என்கிறார் வீட்டுக்காரர். விட்டுவிடலாமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: விடாதீர்கள் தங்கச்சி. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு 2011 அக்டோபர் ஞாபகம் வந்துவிட்டது. பெரம்பூரில் எங்கள் வாக்குச்சாவடி, ஒரு பள்ளிக்கூட வகுப்பறை. பெஞ்சின் மேல் விரித்திருந்த பட்டியலில் மாமனார் பெயர், அதற்குக் கீழே கணவர் பெயர், அதற்கும் கீழே எதிர்வீட்டு அம்மாவின் பெயர். நடுவில் இருக்க வேண்டிய நான் இல்லை. விரலை வைத்து மேலும் கீழும் இரண்டு முறை தேடினேன். இத்தனைக்கும் அட்டை என் கையில்தான் இருந்தது. அட்டை என்பது நான் யார் என்று காட்ட மட்டும்தான், ஓட்டு இருப்பது பட்டியலில் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அட்டையை மறந்துவிட்டுப் போனால்கூட ஆதாரையோ ஓட்டுநர் உரிமத்தையோ காட்டிச் சமாளித்துவிடலாம். பட்டியலில் பெயர் இல்லையென்றால் எதைக் காட்டியும் பயனில்லை.

மாநகராட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். ஆனால் பட்டியலை அவர்கள் முதலிலிருந்து எழுதுவதில்லை. சட்டமன்றத் தேர்தலுக்காக இந்தியத் தேர்தல் ஆணையம் வைத்திருக்கும் பட்டியலைத்தான் வார்டு வார்டாகப் பிரித்துக்கொள்கிறார்கள். அதனால் நீங்கள் சரி செய்ய வேண்டியது அந்தப் பட்டியலைத்தான், அதுவும் தேர்தல் பேச்சு எழுவதற்கு முன்பே. போன முறை என்ன நடந்தது பாருங்கள். 2022 ஜனவரி 26-ல் அறிவிப்பு வந்தது, பிப்ரவரி 19-ல் ஓட்டுப்பதிவு. நடுவே 24 நாள்தான். மனு கொடுத்து, ஆள் வந்து விசாரித்து, பெயர் ஏறுவதற்கு அது போதாது. இப்போதைய கவுன்சிலர்கள் 2022 மார்ச் 2-ல் பதவியேற்றவர்கள், ஐந்து வருடம் 2027 மார்ச் தொடக்கத்தில் முடிகிறது. அதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் பெயர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இந்தியத் தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் இணையதளத்தில் அட்டை எண்ணைப் போட்டால் தெரிந்துவிடும், 1950-க்குப் போன் செய்தும் கேட்கலாம். திருத்தப் படிவம் உங்களுக்கு வரவில்லை, நிரப்பிக் கொடுக்கவும் இல்லை என்பதால் பெயரை எடுத்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். எடுத்திருந்தால், புதிதாகச் சேர்ப்பதற்கான படிவம் 6 கொடுங்கள். இன்னமும் ராயபுரத்திலேயே இருந்தால், முகவரி மாற்றத்துக்கான படிவம் 8. இதை மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள். அங்கே பெயரை வைத்துக்கொண்டு இங்கே புதிதாகவும் சேர்த்தால் இரண்டு இடத்தில் பதிவாகும், அது சட்டப்படி தவறு.

நம் பக்கம் பெரிய இடைஞ்சல் முகவரிச் சான்றுதான். அட்வான்ஸ் கொடுத்து, வாய்ப் பேச்சிலேயே குடிவந்திருப்போம். பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் கேட்டால் ஹவுஸ் ஓனர் முகம் மாறும். அவரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். புது முகவரி போட்ட வங்கி பாஸ்புக், ஆதார், ஒரு வருடத்துக்குக் குறையாத கேஸ் பில், இவற்றில் ஒன்று போதும். பாஸ்புக்கில் முகவரியை மாற்றிவிட்டால் அது இன்னும் நாலு இடத்தில் உதவும், அதிலிருந்தே ஆரம்பியுங்கள். மனு போட்டபின் உங்கள் பகுதி வாக்குச்சாவடி நிலை அலுவலர் விசாரிக்க வருவார். பகலில் நீங்கள் வேலைக்குப் போகிறவரென்றால் பக்கத்து வீட்டில் சொல்லி வையுங்கள். பூட்டிய கதவைப் பார்த்து "இங்கே இல்லை" என்று எழுதிப் போய்விடக் கூடாது.

உங்கள் வீட்டுக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். கடலில் இருப்பவருக்குத் தபால் ஓட்டு கிடையாது, கரையில் இருந்தே ஆக வேண்டும். தேதி அறிவித்த அன்றைக்கே படகு ஓனரிடமும் டிரைவரிடமும் பேசச் சொல்லுங்கள். அவர் ஒருவருக்காகப் படகு நிற்காதுதான். ஆனால் கூடப் போகிற எட்டுப் பத்து பேருக்கும் ஓட்டு இருக்கிறதே! எல்லோருமாகக் கேட்டால் ஒரு நாள் முன்னே பின்னே கிளம்பலாம். ஐஸும் டீசலும் ஏற்றிய பிறகு கேட்டால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

மாமியாரைக் காலை 7 மணிக்கே ஆட்டோவில் கூட்டிப் போய்விடுங்கள். சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் மிகவும் வயதானவர்களிடம் வீட்டுக்கே வந்து ஓட்டு வாங்கியதைப் பார்த்து, இதற்கும் வருவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். முந்தின நாளே போய், சாவடி எந்தக் கட்டடம், எத்தனை படி ஏற வேண்டும் என்று பார்த்து வந்தால் நல்லது.

"கவுன்சிலர் எலெக்‌ஷன்தானே" என்கிறாரே, அவரிடம் இதைச் சொல்லுங்கள். 2016 அக்டோபரிலிருந்து 2022 வரை சென்னையில் கவுன்சிலரே கிடையாது. தெருவிளக்கு எரியவில்லை, மழைநீர் வடிகால் அடைத்துவிட்டது என்றால் அதிகாரியின் அறை வாசலில் போய்த்தான் நிற்க வேண்டும். நம் தெருவில் பார்த்து, கையைப் பிடித்துக் கேட்கிற ஆள் இல்லை. கொடுங்கையூர் குப்பைமேடு, மாநகராட்சிப் பள்ளிக்கூடம், சுகாதார நிலையம் எல்லாமே கவுன்சிலர்கள் கூடும் மாநகராட்சி மன்றத்தில் பேச வேண்டிய விஷயங்கள். மேயருக்கென்று தனியாக ஓட்டு இல்லை, 200 கவுன்சிலர்களும் சேர்ந்துதான் தேர்ந்தெடுக்கிறார்கள். 2022-ல் மேயரான பிரியா நம் வடசென்னையின் 74-வது வார்டில் ஜெயித்து வந்தவர். அந்தத் தேர்தலில் சென்னையில் பாதிப் பேர்கூட ஓட்டுப் போடவில்லை என்பது எனக்கு இன்றைக்கும் ஆறாத வருத்தம். வருகிறவர்கள் குறையக் குறைய, உங்கள் வீட்டு மூன்று ஓட்டுக்குக் கனம் கூடும்.

பெயர் ஏறியதும் ஒரு தடவை வரி வரியாகப் படித்துப் பாருங்கள். பழைய கதவு எண், புது கதவு எண் குழப்பத்தில் ஒரே வீட்டில் இருப்பவர்களையே வேறு வேறு சாவடிக்குப் பிரித்துவிடுவதுண்டு. உங்கள் மூன்று பேருக்கும் பாகம் எண், அதாவது எந்தச் சாவடிப் பட்டியல் என்று காட்டும் எண், ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து, வரிசை எண்ணோடு ஒரு தாளில் எழுதி ரேஷன் கார்டு உறைக்குள் வைத்துவிடுங்கள். பெயர் கிடைத்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.