பம்ப் கையேடு: ஜெர்மனி, பெல்ஜியத்துக்கு ஆங்கிலம் மட்டும் போதுமா?

நீங்கள் அனுப்பிய பம்பின் ஆங்கிலக் கையேட்டை வாங்குபவர் திருப்பி அனுப்பிவிட்டார், ஆங்கிலம் மட்டும் போதாதா என்று கேட்டிருந்தீர்கள். போதாது. ஜெர்மனிக்கு ஜெர்மன் கட்டாயம். பெல்ஜியத்தில் பகுதிக்குப் பகுதி மொழி மாறும். டச்சு, பிரெஞ்சு இரண்டையும் போட்டுவிடுங்கள்.

உங்கள் ஆங்கிலக் கையேட்டை வாங்குபவர் திருப்பி அனுப்பியதற்குக் காரணம் அநேகமாக ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006/42 இயந்திர விதிதான். பம்ப் விற்கப்படும் நாட்டின் ஆட்சிமொழியில் கையேடு இருக்க வேண்டும். 'மூலக் கையேட்டின் மொழிபெயர்ப்பு' என்று அந்த மொழியிலேயே அச்சிட்டு, ஆங்கில மூலத்தையும் கூடவே வையுங்கள்.

அச்சுக்கு முன் எண்களை ஒருமுறை பாருங்கள். 2,900 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) என்று அப்படியே விட்டால் ஜெர்மானியர் அதை 2.9 என்று படிப்பார். அங்கே தசமத்துக்குக் காற்புள்ளிதான். நான் சரிபார்த்த கையேடுகளில் அதிகம் கண்ட பிழை இது.

அப்புறம், உங்கள் நிறுவனம் நியமிக்கும் சர்வீஸ் ஆட்களுக்கான பராமரிப்புக் குறிப்புக்கு மட்டும் விலக்கு உண்டு. அவர்களுக்கு ஆங்கிலம் புரியுமென்றால் அதுவே போதும். இந்த 2006/42 விதிக்குப் பதிலாக 2027 ஜனவரி 20 முதல் புதிய விதி அமலாகிறது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.