பதில்: காப்பித் தோட்டத்தில் கிடைத்த கல் கோடரி, இன்னும் தோண்டலாமா?

தோண்டாதீர்கள். ஏற்காட்டில் மிளகுக் கொடிக்குக் குழி வெட்டும்போது வழவழப்பான, ஒரு முனை கூராக இருக்கும் முக்கோணக் கல் கிடைத்தது, இன்னும் தோண்டலாம் என்று தம்பி சொல்கிறான் என்கிறீர்கள். புதிய கற்காலக் (கல்லைத் தேய்த்து மெருகேற்றிக் கருவி செய்த காலம்) கோடரியாக இருக்க நல்ல வாய்ப்புண்டு. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் இப்படிக் கிடைத்தவற்றைப் பிள்ளையார் கோயில்களில் வைத்துக் கும்பிடுவதும் உண்டு.

உங்கள் தம்பி பார்க்கும் சாகசப் படங்களில் நாயகன் சிலையைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவான். நிஜத்தில் அப்படிப் பிடுங்கினால் பாதித் தகவல் அங்கேயே போச்சு. கல்லின் வயதைக் கரிமப் பகுப்பாய்வில் (உயிர்ப்பொருளின் எச்சத்தில் மிஞ்சிய கரிமத்தை அளந்து வயது காண்பது) கண்டுபிடிக்க முடியாது. அதே மண்ணடுக்கில் கிடக்கும் அடுப்புக்கரியோ தானியமோதான் காலத்தைச் சொல்லும். தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல்தான் அந்த இடத்தின் காலம் பொ.ஆ.மு. (கி.மு.) 1155 என்று காட்டியது. தம்பி மண்வெட்டியால் கிளறினால் அந்த அடுக்குகள் கலந்துவிடும். ஆய்வாளர்கள் குழிக்குள் உட்கார்ந்து கொத்துக்கரண்டியால் சில சென்டிமீட்டராகச் சுரண்டி, மண்ணைச் சலித்து, பானை ஓட்டுச்சில்லு ஒவ்வொன்றையும் கழுவி எண் போடுவார்கள். இதைப் படமாக எடுத்தால் இடைவேளைக்கு முன்பே தியேட்டர் காலி!

சரி, இப்போது செய்ய வேண்டியது: கல்லைத் தேய்த்துக் கழுவாதீர்கள். பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படமெடுங்கள். குழியின் ஆழத்தையும் மண்ணின் நிறத்தையும் எழுதி வையுங்கள். அப்புறம் விஏஓவிடம் சொல்லுங்கள், சேலம் அரசு அருங்காட்சியகத்திலும் காட்டலாம். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தாலே ஆட்சியருக்குத் தெரிவிக்கச் சொல்கிறது 1878ஆம் ஆண்டுச் சட்டம். இதையும் தம்பியிடம் சொல்லிவிடுங்கள்.